மட்டக்கம்பு

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பந்தலூர்ப் பக்கம் முழுக்க ஏறக்குறைய அப்படித்தான். மற்ற நாட்களில் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்திலேயே அப்படி. ஆனால் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிட வாய் வேண்டாம், கட்டைவிரல் போதும். நான் அனுப்பியதற்கு யாராவது பதில் போட்டால், நானும் பேச்சில் கலந்துகொண்ட மாதிரி இருக்கும். புலி வந்தது, பிளாஸ்டிக் அரிசி வந்தது என்று வந்ததையெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் மலை. பின்னால் இருக்கும் யானைப் பாறையை வைத்தே தெரிந்தது. செலவு கட்டாது என்று கம்பெனி இரண்டரை வருடத்துக்கு முன்பு மூடிப்போட்ட மலை. படத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பெண் ஒருத்தி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி. கீழே எழுத்து: ‘மூடின மலையில் நேற்று எடுத்தது. திருட்டுக் கொழுந்து யாருக்குப் போகிறது?’

அந்த ஸ்வெட்டரை அன்று காலையில்கூடக் கொடியில் பார்த்திருந்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. ஃபீல்டு ஆபீசர் இருக்கும் குரூப்புக்குப் படத்தைத் தள்ளிவிட்டேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நின்றோம். ஆபீசர் அவளை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஆட்களைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம். பேர் வெட்டினால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

“நா போகவே இல்ல சார். அந்தப் பக்கம் போய் ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“படம் பொய் சொல்லுமா?”

வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி, “நமக்கு மூணு நாள், அக்காவுக்கு ஏழு நாள் வேல” என்றாள். சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அனுப்பியது யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு வேலை முடிந்து வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அவளேதான். ஆனால் அப்போதுதான் முகத்தை விட்டுச் செடியைப் பார்த்தேன்.

செடி அவள் இடுப்புக்குக்கூட இல்லை. கீழே வெட்டுப்பட்ட கிளை முனைகள் தெரிந்தன. அந்த மலையைக் கவாத்து வெட்டின ஆட்களில் நானும் ஒருவன். மூடுவதற்கு முந்தின வருடம் அது. மூடினபிறகு செடி ஆள் உயரத்துக்கு மேலே போய், உண்ணிச்செடியும் சேர்ந்து காடாகிவிட்டது. இன்னொன்றும் இருந்தது. செடிமேல் குறுக்காக ஒரு கம்பு. கவாத்து முடிந்து முதல்முதலாகப் பறிக்கும்போது செடியெல்லாம் ஒரே மட்டத்தில் வர அந்தக் கம்பை வைத்துத்தான் பறிப்பார்கள். மட்டம் பிடித்தபிறகு அது தேவையில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தின படம். அந்த மூன்று வருடமும் லயத்தில் யாரும் புது ஸ்வெட்டர் வாங்கவில்லை. அதனால் நேற்று எடுத்தது போலவே இருந்தது.

இருபத்தெட்டு வருடம் கவாத்துக் கத்தி பிடித்தவன் நான்.

பழைய படம் என்று குரூப்பில் எழுதிப் போட்டேன். ஒருவரும் படித்த மாதிரி இல்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மூன்று தடவை திரும்பிப் போகலாமா என்று நின்றேன்.

“நீதானய்யா இத எனக்கு அனுப்புன?” என்றார் ஆபீசர்.

“ஆமாங்க சார். கம்பப் பாருங்க.”

“என்ன கம்பு?”

“மட்டக்கம்புங்க. திருடப் போறவ மட்டம் பாத்தா சார் பறிப்பா?”

அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். பாறைக்குப் போகும் பாதையே இல்லை. உண்ணிமுள் அவர் சட்டையைக் கிழித்தது. புதன்கிழமை அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

முதலில் போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. படம் நின்றபாடில்லை. நாடுகாணிப் பக்கத்திலிருந்து, வேறு எஸ்டேட் பேரோடு இரண்டு தடவை எனக்கே திரும்பி வந்தது. இரண்டு தடவையும் ‘பழைய படம், கம்பைப் பாருங்கள்’ என்று எழுதினேன். ஒருவர் கட்டைவிரல் போட்டார். “அக்கா, கம்பு கொண்டாந்தியா?” என்று பெண்கள் இன்னும் அவளைக் கேலி செய்கிறார்கள். “ஒம் முதுகுக்குத்தான் வச்சிருக்கேன்” என்பாள்.

மழைக்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. நானாகப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

மழை விட்ட ஒரு நாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள், போனை என் பக்கம் நீட்டினாள். மூடின மலையெல்லாம் அடுத்த மாதம் திறக்கிறார்கள், வாரம் ஆறு நாள் வேலை என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று இல்லை. படமும் இல்லை.

“நெசமாண்ணே?”

நிஜமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

“தெரியல தங்கச்சி. படத்துல செடி இருந்தா சொல்லுவேன்.”

“அப்ப யாருக்கும் அனுப்பல” என்று போனை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள்.