கோல்கீப்பரின் மன்னிப்புக் கடிதம்

எங்கள் பள்ளி ஹாக்கி அணியில் கோலில் நிற்க ஒருத்திக்கும் விருப்பமில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். காலில் கட்டும் பேடும் முகக்கவசமும் பள்ளிக்கூடத்துடையவை. பழைய வியர்வை நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அதற்குள் புகுந்துகொண்டால் நான் எந்த ஊர்க்காரி என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாவட்டம், மாநிலம் என்று மேலே போனேன். கடைசியில், வெளிநாட்டில் ஆடப்போகும் ஜூனியர் அணியில் என்னைச் சேர்த்தார்கள். அந்த விமானத்தில் ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

பாஸ்போர்ட் படிவத்தில் குடியுரிமை என்று ஒரு கட்டம் இருந்தது. கோச்சிடம் காட்டினேன். உச்சிப்புளிக்காரர், நல்ல மனிதர்.

"இதுல என்னத்தா யோசனை? ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில பொறந்தவதான நீ? இந்தியான்னு போடு," என்றார்.

போட்டேன். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. பிறந்த இடம்தான் சொந்த நாடு என்று நம்பிய முட்டாள் எங்கள் முகாமில் நான் ஒருத்தி மட்டுமல்ல.

விசாரணைக்கு வந்தவர் முகாம் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டார். அகதியின் மகள் அகதிதான். பொய்த் தகவல் கொடுத்தாள் என்று எழுதிவிட்டுப் போனார். அணியிலிருந்து என் பெயர் போனது. அதோடு விட்டார்களா? மாதாமாதம் தணிக்கை என்று முகாம் அதிகாரிகள் எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அடுத்த தணிக்கைக்குள் என் கைப்பட மன்னிப்புக் கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்தின் பதிவையே வெட்டிவிடுவோம் என்றார்கள்.

கோச் முகாம் வாசல்வரை வந்தார். "நான் சொல்லித்தான் எழுதுனேன்னு எம்பேரைப் போட்டுக் குடு ஆத்தா," என்றார். அவர் வேலை போயிருக்கும். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர் மேலும் கோபம்தான்.

அப்பா பெயின்ட் வேலை முடித்து வந்து, குளிக்காமலே ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"நான் இங்கதானே அப்பா பிறந்தனான்?"

"ஓம் பிள்ளை. இப்ப அவங்கள் கேக்கிற மாதிரி எழுதிக் குடு. பேரை வெட்டினா அரிசியும் இல்லை, இருக்க வீடும் இல்லை."

நான் இந்தியக் குடிமகள் அல்ல என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. அப்பா இன்னொரு தாள் கொடுத்தார்.

சொந்த ஊரையும் குறிப்பிட வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. இலங்கையில் மன்னார்ப் பக்கம் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பாவைக் கேட்டேன், பெயரைச் சொன்னார்.

"அங்க இப்ப எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றார்.

அந்த ஊரின் பெயரை எழுதி, அதுதான் என் ஊர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.