எடைக்குப் போகவிருந்த கதைப் புத்தகங்கள்

குழந்தை இலக்கியத்தில் ஆய்வு செய்யப்போகிறேன் என்றதும் என் நெறியாளர் சிரித்துவிட்டார்.

"நரிக் கதையிலயா டாக்டர் பட்டம்? யாராவது ஒரு நாவலாசிரியர எடுத்துக்கம்மா. சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடலாம்."

"இல்லங்க சார், குழந்தைங்க புக்குதான்."

"நம்ம லைப்ரரியில முதல்ல பத்துப் புக்கு கண்டுபிடி. அப்புறம் பேசுவோம்."

எனக்கு ஊர் ரெட்டிபாளையம். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறார். அவருக்கு முந்தின தலைமுறை முழுவதும் அடுத்தவர் வயலில்தான் வேலை செய்தது. எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. அரியலூர் வந்து, பெரம்பலூர் பஸ் பிடித்து, அங்கே இன்னொரு பஸ் மாறித்தான் பல்கலைக்கழகம் போவேன். அவ்வளவு தூரம் போவது யாரோ தரும் தலைப்பை வாங்கிக்கொள்வதற்கா?

நூலகக் கம்ப்யூட்டரில் 'சிறுவர்' என்று தேடினால் உளவியல் நூல்கள்தான் வந்தன. பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான்காம் நாள் கிடைத்தன. வரிசையாகக் கதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்பு மையில் 'நீக்கம்'.

நூலகர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "மாடிப்படிக்குக் கீழ சாக்குல கெடக்கு. யாரும் எடுக்கறதில்ல, அதான் கழிச்சிட்டோம். வர்ற வியாழக்கிழமை எடைக்குப் போவுது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வேணும்னா ரெண்டு எடுத்துட்டுப் போய்ப் பாரு" என்றார்.

அன்று மாலை அக்கா மகளுக்கு அதில் ஒன்றை வாசித்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று என்னை நிறுத்தினாள்.

"சித்தி, பண்ணையார் பையனுக்குப் பேரு இருக்கு. அவன் நாய்க்குக்கூடப் பேரு இருக்கு. மாடு மேய்க்கிற புள்ளைக்கு ஏன் பேரே இல்ல?"

முதல் பக்கத்திலிருந்து திரும்பப் புரட்டினேன். அந்தப் பிள்ளை கதை முழுக்க 'வேலைக்காரி மகள்'தான். பல் துலக்கக் கற்றுக்கொள்வதற்காகவே கதைக்குள் வந்திருந்தாள். மறுநாள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு சாக்கைப் பிரித்து வாசித்தேன். புத்தகம் மாறியது, ஊர் மாறியது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. இந்தப் புத்தகங்கள் எடைக்குப் போய்விட்டால், இப்படி எழுதினார்கள் என்று சொல்லக்கூட என்னிடம் எதுவும் இருக்காது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். நான் போகும்போது பழைய பேப்பர் எடுக்கிற குட்டியானை வண்டி வாசலில் நின்றது. நேராகப் போய்ச் சாக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரும்மா, ஆர்டர் போட்டாச்சு" என்றார் நூலகர் அம்மா.

"இதெல்லாம் என் ஆராய்ச்சிக்கு வேணும் மேடம். தர முடியாதுன்னா எடுத்துக்கங்க. ஆராய்ச்சி மாணவி கேட்டும் தர மறுத்துட்டு எடைக்குப் போட்டோம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. போயிடறேன்."

பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவர் வண்டிக்காரரிடம் திரும்பி, "பழைய செய்தித்தாள மட்டும் ஏத்துங்க" என்றார். மதியம் அவரே ஒரு துணியைக் கொண்டுவந்து தூசி தட்ட உதவினார். பிரித்த புத்தகங்களுக்குக் கடைசி வரிசையில் தரையோரத் தட்டு ஒன்று கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வுக் குழு கூடியது. அக்கா மகள் கேட்ட கேள்வியில் தொடங்கி, கதைகளில் வரும் பெயரில்லாத பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்துப் பேசினேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாங்கிளாஸ் பொண்ணு கேட்டதெல்லாம் ஆதாரமாம்மா?"

"ஆதாரம் புக்குல இருக்குங்க சார். கேள்விதான் அவளோடது."

நெறியாளர் குறுக்கே வந்தார். "தலைப்ப 'சிறார் கதைகளில் நல்லொழுக்கம்'னு மாத்திடு. யாருக்கும் சிக்கல் இல்ல."

"எனக்குச் சிக்கல் சார். மாத்த மாட்டேன்."

குறிப்பு நோட்டை மூடி வைத்துக்கொண்டு நின்றேன். அதுவரை பேசாமலிருந்த ஒரு பேராசிரியை, என் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு தலைப்புக்கான ஒப்புதல் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்தவரும் போட்டார். நெறியாளர் கடைசியாகப் போட்டார், தலை நிமிராமல்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நூலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பிரிக்காத சாக்குகளும் இருந்தன.