இணையத்தில் எங்களுக்கு ஸல்மா பிடித்த இடம்

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் கருவாடு காயவைக்கும் இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். நானும் அதில் ஒருத்தி. எங்களுக்கு ஓர் இணையத்தளம் இருந்தது என்று இப்போது சொன்னால் யாரும் வியக்கமாட்டார்கள். ஆனால் நான் சொல்வது 2004ஆம் ஆண்டை. போர் நின்றுவிட்டது என்று நம்பியும் நம்பாமலும் நாங்கள் இருந்த காலம். அந்தக் காலத்தில் எங்கள் கருவாட்டை உலகத்துக்குக் காட்டியவள் உம்மு ஸல்மா.

ஸல்மா எங்கள் தீவிலேயே இருக்கும் எருக்கலம்பிட்டிப் பிள்ளை. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா ஜமால்தீனோடு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் ஓலைக்கொட்டில் முகாம் ஒன்றில் வளர்ந்தாள். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணினி வகுப்பில் சேர்ந்தவள், இரண்டு வருடத்தில் அதே வகுப்பில் படிப்பிக்கத் தொடங்கினாள். 2003இல் ஊர் திரும்பினார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. கூரை போடும்வரை காத்திராமல், மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, இரண்டு கணினியும் ஒரு தொலைபேசி லைனும் வைத்துக் கடை திறந்துவிட்டாள்.

எங்கள் தலைவி றோஸ்மேரி, கனடாவிலிருந்த ஒரு கடைக்காரருக்குத் தொலைநகல் அனுப்ப அந்தக் கடைக்குப் போயிருந்தார். கடைக்காரர், "உங்களுக்கு இணையத்தளம் இல்லையா? சாமானைப் பார்க்காமல் எப்படி எடுக்கிறது?" என்று கேட்டுப் பதில் தொலைநகல் அனுப்பியிருந்தார். அதைச் சத்தமாக வாசித்துவிட்டு றோஸ்மேரி அக்கா முழித்தார்.

"நான் செய்து தாறன் அக்கா. ஆனா எங்க வைக்கிறது எண்டதை முதல்ல யோசிக்கோணும்," என்றாள் ஸல்மா.

வைப்பது என்றால் என்னவென்று எங்களுக்கு விளங்கவில்லை. சங்கக் கூட்டத்துக்கு வந்து அவளே விளங்கப்படுத்தினாள். இணையத்தளம் என்பது எங்கோ ஒரு கணினியில் இருக்கும் எழுத்தும் படமும்தான்; அந்தக் கணினி இரவு பகல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆட்கள் பார்க்கலாம். காசு வாங்காமல் இடம் தருகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதில் சிக்கல் உண்டு என்றாள். நாங்கள் சிக்கலைக் கேட்கவில்லை. காசில்லை என்றதைத்தான் கேட்டோம். இலவச இடமே போதும் என்று கைதூக்கினோம். அவள் மறுபேச்சுப் பேசாமல் செய்து தந்தாள்.

மூன்றாம் கிழமை அந்தக் கனடாக் கடைக்காரரே தொலைபேசியில் கூப்பிட்டார். றோஸ்மேரி அக்காவின் முகம் கறுத்துப்போனது. எல்லோரும் ஸல்மாவின் கடைக்கு ஓடினோம். எங்கள் பக்கத்தைத் திறந்தாள். நாங்கள் வெள்ளைச் சீலையோடு கோயில் வாசலில் நின்று எடுத்த படத்துக்கு மேலே, சூதாட்ட விளம்பரம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் அரைகுறை உடுப்போடு ஒரு பெண் கண்ணடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுதான் நான் சொல்ல வந்த சிக்கல்," என்றாள் ஸல்மா. "இடத்துக்கு நாங்கள் காசு குடுக்கேல்ல. அதால அவை எங்கட முகத்துக்கு மேல தங்கட விளம்பரத்தை ஒட்டினம்."

அன்றைக்கே அதை அழிக்கச் சொன்னார் றோஸ்மேரி அக்கா. அடுத்த கூட்டத்தில் அவரே புது யோசனை ஒன்றும் கொண்டுவந்தார். சங்கத்துக்கு நன்கொடையாக வந்த கணினி ஒன்று அலுமாரிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. "இதிலேயே வைப்பம். எங்கட சாமான் எங்கட கையில இருக்கும். ஒருத்தரும் ஒண்டையும் ஒட்டேலாது," என்றார்.

ஸல்மா இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, பேனையை என் கையில் தந்தாள். "அக்கா, கறண்ட் போற நேரமெல்லாம் இதில ஒரு கோடு போடுங்கோ. ரெலிபோன் லைன் செத்தா குறுக்கால ஒரு புள்ளடி."

ஒரு கிழமையில் பத்தொன்பது கோடும் நாலு புள்ளடியும் விழுந்தன. றோஸ்மேரி அக்கா அவற்றை விரல்விட்டு எண்ணினார்.

"கறண்ட் போற ஒவ்வொரு தரமும் கடை பூட்டுறம் எண்டு அர்த்தம், என்ன?"

"ஓம் அக்கா."

"அப்ப இது வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல உடுப்பு, மணக்கும் சென்ட். எங்களுக்கென்று தனியாக ஒரு முழுக் கணினியை வெளிநாட்டு நிலையமொன்றில் வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னார். வேறு யாரோடும் பங்கு இல்லை, வேகம், பாதுகாப்பு என்று அடுக்கினார். ஸல்மா முழுவதும் கேட்டுவிட்டுக் கேட்டாள்:

"எங்கட பக்கத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவினம். நாற்பது பேர் வாற கலியாணத்துக்கு நாலாயிரம் பேருக்குப் பந்தல் போடுறதோ?"

"மிஸ், மற்ற ஆட்களோட ஒரே கணினியில இடம் எடுத்தா ஆபத்து," என்றார் அவர்.

"நீங்கள் சொல்றது அரைவாசி உண்மை. பக்கத்துத் தளத்துக்குக் கூட்டம் கூடினா எங்கடது கொஞ்சம் மெதுவாகும். அது பரவாயில்ல. ஆட்கள் கூடின பிறகு பெரிய இடத்துக்கு மாறுவம்."

அவர் விடவில்லை. குறைந்தது தளத்தின் முகவரிப் பெயரையாவது தன் நிறுவனத்தின் பேரில் பதிந்து வைப்பதாகவும், தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அதுவரை மெல்லப் பேசிய ஸல்மாவின் குரல் மாறியது. "பெயர் சங்கத்தின்ட பேரிலதான் இருக்கோணும். அதில கதைக்க ஒண்டுமில்ல."

அவர் போன பிறகு, ஏன் அவ்வளவு கோபம் என்று றோஸ்மேரி அக்கா கேட்டார்.

"வேற ஆளின்ட பேரில இருந்தா, ஒருநாள் எழும்பிப் போ எண்டு சொல்லலாம் அக்கா," என்றாள் ஸல்மா. தொண்ணூறில் அவளுடைய ஊருக்கு அப்படிச் சொல்லப்பட்டபோது நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

காசு கொடுத்து, மற்றத் தளங்களோடு பகிர்ந்த இடம்தான் என்று முடிவானதும் ஐந்து நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். விலையை மட்டும் கேட்கவில்லை. தினமும் பிரதி எடுத்து வைப்பீர்களா? எங்கள் மின்னஞ்சலை எந்த ஊரிலிருந்தும் எந்தக் கணினியிலும் திறக்கலாமா? நாங்கள் விலகிப்போனால் எங்கள் கோப்புகளைத் தருவீர்களா? நாலு பேர் எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதினார்கள். ஐந்தாவது நிறுவனம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் போட்டது. "பிரதி எடுக்கிறோம். ஆனால் எங்களை மட்டும் நம்பாதீர்கள், நீங்களும் ஒன்று வைத்திருங்கள்" என்று எழுதியிருந்தது.

"இவையளைத்தான் எடுக்கிறன்," என்றாள். "தங்கட குறையைச் சொல்றவை பிறகு ஏமாத்தமாட்டினம்."

அப்படித்தான் எங்கள் தளம் எழும்பியது. பாரைக் கருவாடும் கூனி இறாலும் படத்தோடு வந்தன. இரண்டு வருடத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று ஒன்பது கடைகள் எங்களிடம் எடுக்கத் தொடங்கின.

2006இல் சண்டை திரும்பியது. கடலுக்குத் தடை, தெருவுக்குத் தடை. மன்னாரிலிருந்து போகும் சாமானை மதவாச்சிச் சோதனைச்சாவடியில் இறக்கி, சோதித்து, வேறு லொறியில் ஏற்ற வேண்டும். அடுத்த வருடம் ஒரு நாள் தொலைபேசி லைன்களும் செத்தன. பேசாலை முடிந்துவிட்டது, சங்கம் கலைந்துவிட்டது என்று வெளிநாட்டில் கதை பரவியிருந்ததை நாங்கள் அறியவில்லை. அதை ஊகித்தவள் ஸல்மா ஒருத்திதான்.

நாலாம் நாள் அவள் இராணுவத்திடம் பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் பஸ் ஏறினாள். மதவாச்சியில் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றாளாம். புத்தளத்தில் ஒரு நெற் கபேயில் உட்கார்ந்து எங்கள் தளத்தைத் திறந்தாள். மன்னாரில் லைன் இல்லாத அத்தனை நாளும் அது எங்கேயோ ஒரு நிலையத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "சங்கம் இயங்குகிறது. கடல் தடையால் அனுப்பப் பிந்தும். நாங்கள் இருக்கிறோம்." பிறகு மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள்.

ஆறாம் நாள் திரும்பி வந்தவள் கடைக்குப் போகாமல் நேரே பேசாலைக்கு வந்தாள். நாங்கள் கோயில் வளவில் கூடியிருந்தோம். பைக்குள்ளிருந்து அச்சடித்த தாள்களை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தாள். ஒன்பது கடைகளில் ஒன்றுகூட விலகவில்லை. கனடாக்காரர் எழுதியிருந்தார்: "உங்கள் பக்கம் நேற்றும் திறந்தது, இன்றும் திறந்தது. அதைப் பார்த்துத்தான் வேறு இடத்தில் எடுக்காமல் காத்திருக்கிறேன்."

"அதைத் திரும்ப வாசி," என்றார் றோஸ்மேரி அக்கா. அவள் திரும்ப வாசித்தாள். அக்கா எழும்பிப் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். "தங்கச்சி, எங்கட ஊரில உன்னைப்போல ஒரு ஆள் இருக்கிறா எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுவன்," என்றார். ஸல்மா தாள்களை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

லைன் வந்ததும் அவள் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போர் முடிந்து சில வருடங்களில் முசலியிலிருந்து மடுவரை பதினொரு வியாபாரங்களின் தளங்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்கமாட்டாள். மடு மாதா கோயிலடியில் யாத்திரிகர் விடுதி வைத்திருந்த இராமலிங்கம் வந்தபோது, கருவாட்டுச் சங்கத்துக்குப் பிடித்ததுபோல் சின்ன இடம் போதும் என்றார்.

"உங்களுக்குப் போதாது ஐயா," என்றாள். "ஆவணித் திருநாளுக்கு எல்லாரும் ஒரே கிழமைக்குள்ள அறை தேடி வருவினம். பகிர்ந்த இடம் தாங்காது. அந்த ரெண்டு மாசத்துக்குப் பெரிய இடம் எடுப்பம், பிறகு சின்னதுக்கு வருவம்."

அவர் அரைமனதோடு சம்மதித்தார். திருநாளுக்கு முந்திய நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அவளுடைய கடையில்தான் இருந்தேன்.

"பிள்ளை, அறை எல்லாம் நிரம்பிட்டுது! தளம் ஒருக்காக்கூட நிக்கேல்ல!"

"நிக்காது ஐயா," என்றாள் ஸல்மா. "நான் கணக்குப் பார்த்துத்தானே வச்சனான்."