மயிலம் என்று சொல்லாத கைலாசம்

எங்கள் ஊரான தென்னேரியில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். 1968இல் அந்தப் பெருமையோடு காஞ்சிபுரத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்து, பட்டு நெசவாளர் கைலாசம், குழலியம்மாள் தம்பதியின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன்.

கைலாசத்துக்கு அப்போது ஐம்பது வயது. பதினோரு வயதில் தறிக்குழிக்குள் இறக்கிய கால்கள். அமாவாசை மட்டும்தான் நெசவாளருக்கு ஓய்வு. ஒருநாள் திடீரென்று சொன்னார்:

"தறியில இன்னும் ஒரு சேலைதான் பாக்கி தம்பி. அது முடிஞ்சி அடுத்த பாவு ஏத்தறதுக்குள்ள நானும் குழலியும் பாண்டிச்சேரி போறோம். நாலு நாளு. கடலுக்கு எதுர காலை நீட்டிப் போட்டுக்கினு உக்காந்திருக்கணும். வேற ஒண்ணும் கெடையாது."

பாண்டியில் அவருக்குத் தெரிந்த ஜவுளிக்காரர் அந்தோணி, தன் வீட்டு மாடியறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் சரிதான். ஊர்ப்பெயரில்தான் சிக்கல். நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. பாண்டியிலோ கடைக்குக் கடை ஒயினும் சாராயமும். அதனால் எங்கள் தெருவில் யாரும் பாண்டிச்சேரிக்குப் போவதில்லை. வழியிலிருக்கும் மயிலத்துக்கு முருகனைப் பார்க்கப் போவார்கள். "மயிலம் போயிட்டு வரேன்" என்றால் எல்லோருக்கும் புரியும். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

"நீங்களும் மயிலம்னு சொல்லிடுங்களேன்" என்றேன் நான்.

"பி.ஏ. படிச்சிட்டுப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கறியேப்பா!"

எனக்குச் சுருக்கென்றது.

செய்தி முதலாளி சபாபதிக்கு எட்டியது. தறியில் ஏற்றும் நீளிழையான பாவையும் ஊடைக்குப் பட்டையும் கைலாசத்துக்குக் கொடுத்து நெய்து வாங்குபவர் அவர். மாதம் தவறாமல் மயிலம் போய் வருபவரும் அவரே. வாசலில் நின்றபடி ஆரம்பித்தார்.

"இன்னா கைலாசம், பாண்டிக்காமே? பொண்டாட்டியையும் இட்டுக்கினு?"

"ஆமா மொதலாளி."

"குடிக்கப் போறான்னு தெருவே பேசுது. மயிலம்னு சொல்லிட்டுப் போய்த் தொலையேன்."

"பாண்டின்னா குடிக்கன்னு அர்த்தம். சரி, மயிலம்னா இன்னா அர்த்தம் மொதலாளி?"

எதிர்வீட்டு வாசலில் ராட்டையில் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்த ஜெயம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டார். சபாபதியின் முகம் கறுத்தது.

"அடுத்த பாவு உனக்கு இல்ல. வேற தறிக்குப் போவுது."

"போவட்டும்."

பாவு வராவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. குழலியம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளேயிருந்து கேட்டார்: "கடல் காத்துக்கு எந்தப் பொடவை தாங்கும்? நூல் பொடவையே எடுத்து வெக்கிறேன்."

அமாவாசையன்று காலை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பஸ்ஸில் ஏற்கெனவே சபாபதி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்ததும், "மயிலம் ஒண்ணு" என்று மெதுவாகச் சொன்னார்.

கைலாசம் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாண்டிச்சேரி ரெண்டு!"

பிறகு நடந்ததை அவர் நான்கு நாள் கழித்துத் திரும்பிவந்து தெருவுக்கே சொன்னார். மயிலத்தில் பஸ் நின்றது. சபாபதி அசையவில்லை. வழக்கமாக மயிலம் தாண்டியதும்தான் பாண்டிக்கு அடுத்த சீட்டு வாங்குவாராம். கைலாசம் எழுந்து அவருடைய பையை எடுத்துக் கையில் கொடுத்து, "மொதலாளி, மயிலம் வந்துடிச்சி. முருகர் காத்துக்கினு இருக்காரு" என்றிருக்கிறார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மனிதர் இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஜெயம்மாள் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்ணே. நீ குடிச்சியா, இல்லியா?"

"குடிச்சேன். அந்தோணி சோத்தோட ஒரு கிளாஸு ஒயின் வெச்சாரு. புளிச்ச தண்ணி."

"எனக்கு நல்லாத்தான் இருந்திச்சி" என்றது உள்ளேயிருந்து குழலியம்மாளின் குரல்.

மறுநாள் காலை பாவு வீடு தேடி வந்தது. சுமந்து வந்த ஆள், மயிலத்துக் கதையை இதோடு விட்டுவிடும்படி முதலாளி சொல்லச் சொன்னார் என்றான்.

கைலாசம் திண்ணையில் காலை நீட்டியபடியே சொன்னார்: "பாவை வெச்சிட்டுப் போ. கதை எங்களுது."