ஆக்னஸின் கையெழுத்துக்காகப் படப்பை வரை

வியாழக்கிழமை காலை 10.42க்குப் போன் வந்தது. கம்பெனியில் சி ஷிப்ட், அதாவது இரவு வேலை, முடித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டை அறையில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். ஒரு கட்சியின் மாணவர் அணியிலிருந்து பாஸ்கர் என்பவர் பேசினார்.

“ஆக்னஸ் அக்கா வூட்டுக்காரரா சார்? அக்கா ஜெர்மனிக்கு செலக்ட் ஆயிட்டாங்க. ஆறு மாசம். மொத்த செலவும் கட்சி பாத்துக்குது. நாலு மணிக்கு லிஸ்ட் மெட்ராஸ் போவுது, அதுக்குள்ள படப்பை ஆபீஸுக்கு இட்டுகினு வந்துடுங்க.”

“சரிங்க” என்றேன்.

என் மனைவி ஆக்னஸ் லீவுக்குத் தூத்துக்குடியில் அப்பா வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்து அன்றைக்கு எண்பத்தொரு நாள். தண்டலத்தில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள்; அங்கே நான் இன்னும் தகவல் சொல்லவில்லை. மாணவர் பரிமாற்றத்துக்கு விண்ணப்பித்ததை என்னிடம் சொல்லவே இல்லை. அவளிடம் போன் கிடையாது, என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். நான் ஏன் “சரி” என்றேன்? தெரியவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

வழி கேட்பவர்களுக்கு: இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் மூன்று ரூபாய். 11.55க்கு இறங்கினேன். ஒரகடம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. பதின்மூன்று கிலோமீட்டர், ஆறு ரூபாய். ஒரகடத்திலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோ பத்து ரூபாய்.

“இன்னா சார், கண்ணு சொருவுது? நைட் ஷிப்டா?” என்றார் டிரைவர். கட்சி ஆபீஸ் என்றதும் சிரித்தார். “எந்த சைடு? பசங்கள பாரின் அனுப்பணும்ன்ற சைடா, அனுப்பக் கூடாதுன்ற சைடா?”

“ஒரே கட்சிதானே?”

“ஒரே கட்சி, ஒரே ஆபீஸு. சண்டைதான் ரெண்டு.”

போய்ச் சேர்ந்தபோது மணி 1.50. டிரைவர் சொன்னது சரி. பாஸ்கரும் தொழிற்சங்கத்துக்காரர் துரைக்கண்ணு என்பவரும் ஒரே மேஜைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அரசாங்கமே இதுக்குப் பணம் ஒதுக்கணும்னு தலைவர் பேசினாரா இல்லியா?” என்றார் பாஸ்கர்.

“உள்ளூர் ஐ.டி.ஐ. பசங்களுக்கு மொதல்ல வேலைன்னும் அவர்தானய்யா பேசினாரு! ஒர்த்தர பிளைட் ஏத்துற துட்டுல நூறு பேருக்கு வெல்டிங் கத்துக் குடுக்கலாம்.”

இரண்டுமே சரியாகத்தான் பட்டது. ஒரே தலைவர் எப்படி இரண்டையும் சொன்னார் என்பதுதான் புரியவில்லை.

ஆக்னஸ் இல்லை என்பதைச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

ஓரத்து நாற்காலியில் ஃபைலோடு ஒரு பெண் இருந்தாள். சுமதி, ஆக்னஸின் வகுப்பு, காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். ஆக்னஸ் விலகினால்தான் அவளுக்கு இடம். தேர்வானவரே கையெழுத்துப் போட்டு விலக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் ரத்து. இறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார் பாஸ்கர். அது தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் இருக்கிறது. மணி 2.30.

“அப்ப ரத்துதான்” என்று ஆரம்பித்த துரைக்கண்ணு, சுமதியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாஸ்கர் ஆக்னஸின் பெயரில் ஒரு விலகல் கடிதம் எழுதி, அவளுடைய விண்ணப்பத்தையும் எடுத்து என் முன் வைத்தார். அவள் கையெழுத்து. கீழே, ‘கணவரின் சம்மதம்’ என்ற இடத்தில் என் கையெழுத்து. நான் போட்டதல்ல. என்னுடைய ‘ஜெ’வின் சுழி உட்பட அவளே அழகாகப் போட்டிருந்தாள். கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா என்று யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

“சார், அக்கா என்னையும் அப்ளை பண்ணச் சொன்னாங்க” என்றாள் சுமதி. “நான் மாட்டேன்னேன். அவங்கதான் ஃபார்ம் வாங்கிக் குடுத்தாங்க.”

பேனாவைக் கேட்டேன். விலகல் கடிதத்தின் அடியில் ஆக்னஸ் என்று போட்டேன். அவள் என்னுடையதைப் போட்ட அளவுக்கு நன்றாக வரவில்லை.

“நான் ஒண்ணியும் பாக்கல” என்று துரைக்கண்ணு டீ குடிக்க வெளியே போனார். சுமதியின் பெயரோடு லிஸ்ட் 3.50க்குக் கிளம்பியது.

போக நினைப்பவர்கள் ஐந்து மணிக்கு முன்பே படப்பையிலிருந்து திரும்பிவிடுங்கள், அப்புறம் ஷிப்ட் கூட்டம். விண்ணப்பிக்கும் பெண்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கட்சி இதற்கு ஆதரவா எதிர்ப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கல்லூரிப் பலகையில் பழைய பட்டியல்தான் ஒட்டியிருக்கிறதாம், என் எண்ணோடு. ஆக்னஸுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். மூன்று பேரிடம் “சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டேன். இப்போது போனை அணைத்து வைத்திருக்கிறேன்.