பல் டாக்டரின் ஓவர்டிரைவ்

பல் டாக்டரிடம் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, நாலே கியர், மேலே கூரை கிடையாது. நெடுஞ்சாலையில் கொஞ்சம் விரட்டினால் போதும், எஞ்சின் போடும் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மனைவி என்ன சொன்னாலும் டாக்டர் சிரித்துத் தலையாட்டி வைப்பார். அப்படித் தலையாட்டியதில்தான் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். வாழ்த்துச் சொல்ல ஆள் வந்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

மறுநாளே பழைய உதிரிபாகக் கடைக்குப் போய் ஓவர்டிரைவ் ஒன்றைப் பிடித்தார். கியர்பாக்ஸின் வாலில் பொருத்தும் கனத்த உருண்டை அது. மேல் கியரில் போகும்போது சுவிட்சைத் தட்டினால் வண்டி அதே வேகத்தில் ஓடும். எஞ்சின் மட்டும் நிதானமாகச் சுற்றும்.

"மாட்டுறது கஷ்டமா?" என்று கேட்டார்.

"என்ன சார் நீங்க! பழசைக் கழட்டி இதைச் சொருகுறீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை" என்றார் கடைக்காரர்.

பதினோரு ஞாயிறு பிடித்தது. அந்தக் காரில் கியர்பாக்ஸை உள்பக்கமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். இருக்கைகள் இரண்டும் கூடத்துக்கு வந்தன. மனைவி ஒன்றில் சாய்ந்து டிவி பார்த்தார். கியர்பாக்ஸைப் பிரித்தால் உள்ளே இருந்த தண்டு ஓவர்டிரைவுக்கு ஒத்துவராத நீளம். வேறு தண்டு வந்து சேர ஐந்து வாரம். கண்ணுக்கு எட்டாத போல்ட்டுகளைப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை நுழைத்துத் தேடினார் டாக்டர். பழக்கதோஷத்தில் ஒருமுறை, "இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க" என்றும் சொல்லிவிட்டார்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் அழகாகச் சாம்பல் பெயின்ட் அடித்து மாட்டினார். மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நாலாவது கியரில் சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். முகப்பு விளக்கு எரிந்தது. பதற்றத்தில் வேறு சுவிட்சைத் தட்டியிருந்தார்.

மனைவி லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் மெக்கானிக். வீட்டுக்கு வந்ததும் டெஸ்ட் விளக்கோடு காருக்குள் தலைகீழாகத் தொங்கினார்.

"என்னங்க, எர்த் ஒயரை எங்க மாட்டினீங்க?"

"பாக்ஸ்லதான்."

"பாக்ஸ்ல இல்ல, பெயின்ட்ல மாட்டியிருக்கீங்க. கரண்ட் எப்படிப் போகும்? அந்தப் பல் சுரண்டுற கம்பியைக் கொடுங்க."

இரண்டே நிமிடம் சுரண்டினார். மறுபடி நெடுஞ்சாலை. டாக்டர் சுவிட்சைத் தட்டினார். சத்தம் சட்டென்று தணிந்தது. அவர் அலறினார்.

"ஐயோ, எஞ்சின் நின்னுபோச்சு!"

"நிக்கல. அமைதியாயிடுச்சு. ஓரமா நிறுத்துங்க, நான் ஓட்டிப் பாக்குறேன்."

அதுவரை அந்தக் காரை ஓட்டாதவர், அடுத்த ஊர் வரை ஓட்டினார். சுவிட்சைப் போட்டார், அணைத்தார், திரும்பப் போட்டார், தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். திரும்பும் இடம் இரண்டு முறை தாண்டிப் போனது. பக்கத்து இருக்கையில் டாக்டர் தலைமுடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் இவ்வளவு காத்தா அடிக்கும்?"

"ஒன்பது வருஷமா அடிக்குது" என்றார் மனைவி, குரலை உயர்த்தாமலே.