நான் வாசித்த இரண்டு ரிப்போர்ட்டுகள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டின் நிலைமையை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பெரியப்பாவுக்கு வாயில் ஒரு கட்டி, அதன்மேல் ஆறாத புண். மதுரை டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, புற்று என்று சொல்லிவிட்டார். நோயாளியிடம் மட்டும் நோயைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "வெறும் கொழுப்புக் கட்டின்னு போட்டிருக்குன்னு வாசி அப்பு" என்றார். விரலை வரிவரியாக ஓட்டி, இல்லாததை வாசித்தேன். பெரியப்பா முகம் தெளிந்து, எனக்குப் பக்கோடா வாங்கித் தந்தார். நாலு மாதத்தில் போய்விட்டார்.

மறுவருஷம் அப்பாவின் உள்கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. வலி கிடையாது. மதுரையில் ஊசி போட்டு மரக்கவைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துத் தையலும் போட்டுவிட்டார்கள். டாக்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மருந்துத் தண்ணீரில் மஞ்சளாக மிதந்தது.

"கொழுப்புய்யா, அதான் மிதக்குது. பயப்படாதீங்க."

அப்பா ஏலக்காய் விவசாயி; விதையைத் தண்ணீரில் போட்டு, சொத்தையென்று மிதப்பதையெல்லாம் வாரிக் கொட்டுகிறவர். மிதப்பது எதுவும் அவருக்கு நல்ல சேதியாகப் படவில்லை.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லவே இல்லை என்று டாக்டர் அம்மாவிடம் வாயாலும் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா காகிதத்தை என்னிடம் நீட்டினாள். விரலை வரிவரியாக ஓட்டி, இந்த முறை உள்ளதையே வாசித்தேன்.

"வெறும் கொழுப்புக் கட்டிதாம்ப்பா."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழகா வாசிக்கிறடா அப்பு. ஒங்க பெரியப்பாவுக்கு வாசிச்ச மாதிரியே."

"நெசமாத்தாங்க!" என்று அம்மா அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள். அது காரியத்தை இன்னும் கெடுத்தது.

வேறு ஆளை வாசிக்கச் சொல்லியும் பார்த்தோம். "ஊரே பேசி வச்சிருக்கீக" என்றார் அப்பா. அதற்குப் பிறகு மலைத்தோட்டத்துக்குப் போகும் குரங்கணி ஜீப்பில் அவர் ஏறவில்லை. மேலே குத்தகைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பாரில்லாமல் பழுத்து வெடித்து, அணிலுக்குப் போனது. ஆறிப்போன தையலை நாக்கால் துழாவியபடி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டி திரும்ப வரவேயில்லை. அப்படியே இருபது வருஷம் சாகக் காத்திருந்தார்.

வாசித்த அன்றைக்கு எனக்கு எதுவும் புரியவில்லை. அழகாக வாசித்ததாக அப்பாவே சொல்லிவிட்டாரே என்ற பெருமையில், பக்கோடாவை எதிர்பார்த்து வெகுநேரம் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன்.